அக்காவின் அரியரும் என் வலது கையும்

என் வலது கைக்கு ஒரு காலத்தில் எங்கள் வட்டாரத்தில் பெரிய மரியாதை இருந்தது. இன்று அது போன் திரையைத் தள்ளுவதற்கும் காபி டம்ளரைப் பிடிப்பதற்கும்தான் ஆகிறது. ஆனால் நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், இதே கைக்காக இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன்மார் வரிசையில் நின்றார்கள் என்று சொன்னால் என் அலுவலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

எங்கள் வீடு புதுச்சத்திரம் பக்கம், கோழிப்பண்ணைக்கு நடுவில். அப்பா முட்டைக்கோழி வளர்த்தார். கோழிக்கு என்ன தீவனம், எந்த மருந்து என்று ஊரே அவரிடம் வந்து கேட்கும். ஆனால் சொந்த விஷயத்தில் அவராக ஒரு முடிவும் எடுக்க மாட்டார். எதுவானாலும் ஏரிக்கரை மாரியம்மனிடம் பூக்கேட்டாக வேண்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. கேட்கிறவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், மனசுக்குள் நினைத்துக்கொள்வார். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

எங்கள் வீட்டில் அந்த விவரம் தெரியாத குழந்தை நான்தான். புதுக் குஞ்சு இறக்குவது, தீவனக் கடையை மாற்றுவது, தண்ணீருக்குப் போர் போடுவது எல்லாம் என் கையால் முடிவானவை. எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நடுவில் கொஞ்ச காலம் அம்மன் எங்களை மறந்துவிட்டாள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அக்கா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பேப்பரும் பாஸ், முதல் வருஷத்துக் கணக்குப் பேப்பர் ஒன்றைத் தவிர. அது மட்டும் காலில் ஏறிய கருவேல முள்ளாக வருஷா வருஷம் கூடவே வந்தது. எழுதுவாள், போகும். திரும்ப எழுதுவாள், திரும்பப் போகும்.

இந்த நேரத்தில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று கல்லூரிக்கு வந்து அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அரியர் இருக்கக் கூடாது என்று நிபந்தனை. அதே மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு வரனும் வந்தது. லாரி வைத்திருக்கிறவர்கள், தோட்டம் துரவு உண்டு, ஒரே பையன். அப்பாவுக்கு மனசு அந்தப் பக்கம் நன்றாகவே சாய்ந்தது. “ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு பதிலச் சொல்லிப்போடுங்க” என்று அவர்கள் அவசரப்படுத்தினார்கள். அப்பா வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “பாஸாச்சுன்னா வேலைக்குப் போகட்டும். இல்லீன்னா கல்யாணத்தப் பண்ணிப்போடலாம். நானும் எத்தன நாளைக்கு அந்த ஒரு பேப்பரையே பாத்துட்டு இருக்கறது?”

அக்காவுக்கு அந்த வேலை உயிர். பெங்களூரில் எந்தத் தெருவில் ஹாஸ்டல் எடுப்பது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் கணக்கு ஏற வேண்டுமே! போனில் வடநாட்டு வாத்தியார் ஒருவர் நடத்தும் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவர் இந்தியில் மணிக்கணக்கில் பேசுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, அக்கா உட்பட. “பேச்சு எதுக்குடி? அவரு எழுதறதப் பாத்தாப் போதும்” என்பாள். பார்த்துப் பார்த்து இந்தியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டாளே தவிர, கணக்கு வந்தபாடில்லை.

அப்போதுதான் அவளுடைய தோழி ஒருத்தி, சேலம் சூரமங்கலத்தில் ஒரு மிஸ் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு அரியர்காரர்களுக்கு மட்டும் டியூஷன் எடுக்கிறார் என்று சொன்னாள். பெண்பிள்ளையைத் தனியாகச் சேலத்துக்கு அனுப்புவதா என்று அப்பா யோசித்தார். யோசித்தால் எங்கே போவார் என்று தெரியுமே. நான் குளித்துவிட்டுப் போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளை! அக்கா என்னைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. “துணைக்குச் சின்னவளையும் கூட்டிட்டுப் போ” என்றார் அப்பா. அம்மன் கொடுத்த வரத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது.

மிஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கணவருக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் ஒரு கைக்குழந்தை. தூளிக் கயிற்றைக் காலால் இழுத்து ஆட்டிக்கொண்டே பலகையில் கணக்குப் போடுவார். குழந்தை அழுதால் வகுப்பு நிற்கும். தூங்கினால் எல்லோரும் குசுகுசுவென்றுதான் சந்தேகம் கேட்க வேண்டும். ஆத்தூர், ஓமலூர், திருச்செங்கோடு என்று நாலு திசையிலிருந்தும் வந்தவர்கள் அந்தச் சின்னக் கூடத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தராவது கணக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டுமே! “எல்லாந் தெரியுமுங்க மிஸ், கடைசி ஸ்டெப்புல மட்டுந்தான் டவுட்டுங்க” என்பார்கள். மிஸ் பேப்பரை வாங்கிப் பார்த்தால் முதல் வரியே தப்பாக இருக்கும்.

எனக்கு அந்த வீடு திருவிழா மாதிரி இருந்தது. டபுள் இன்டெக்ரல், டிரிபிள் இன்டெக்ரல், பார்சியல் டெரிவேட்டிவ் என்று புரியாத வார்த்தைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எடுத்து விடுவேன். என் வகுப்பு டீச்சரே ஒரு நிமிஷம் ஆடிப்போவார்.

அக்காவின் சிக்கல் ஒன்றே ஒன்றுதான் என்று இரண்டாம் வாரமே மிஸ் கண்டுபிடித்துவிட்டார். மேலே ஒரு வளைந்த பரப்பு, கீழே ஒரு பரப்பு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தின் கன அளவைக் காண வேண்டும் என்றால், எங்கிருந்து எதுவரை என்று அக்காவால் எழுத முடியாது. எல்லா இடத்திலும் ஏதாவது எண்ணைப் போட்டு வைப்பாள். “உள்ள இருக்கற லிமிட் இடத்துக்கு இடம் மாறும்மா, அங்க எப்படி ஒரே நம்பர் வரும்?” என்று மிஸ் தலையில் அடித்துக்கொள்வார். அக்கா தலையாட்டுவாள். அடுத்த கணக்கிலும் அதே எண்.

அன்று வகுப்பு முடிந்து சோர்ந்துபோய் வெளியே வந்தோம். முனையில் தட்டுவடை செட் வண்டி நின்றது. சேலத்துக்கு வந்துவிட்டுத் தட்டுவடை செட் தின்னாமல் போனால் அந்தப் பாவம் சும்மா விடாது. கீழே ஒரு தட்டுவடை, மேலே ஒரு தட்டுவடை, நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: தின்பதற்கு முன்னால் பல்குத்தும் குச்சியால் செட்டை மேலிருந்து குத்துவேன். குச்சி கீழே எட்டிப்பார்க்கும். அப்புறம் இன்னொரு இடத்தில் குத்துவேன். நடுவில் காய் உப்பலாக இருக்கும், ஓரத்தில் ஒன்றும் இருக்காது.

அக்கா வாயில் வைத்த தட்டுவடையைக் கடிக்காமல் என் கையையே பார்த்தாள்.

“இன்னொருக்கா குத்துடி.”

குத்தினேன்.

“ஓரத்துல குத்து.”

குத்தினேன். அக்கா நடுரோடு என்றும் பார்க்காமல் ஒரு கத்துக் கத்தினாள். “குச்சி எங்க குத்துனாலும் கீழ் வடைல ஆரம்பிச்சு மேல் வடைல முடியுது! ஆனா உள்ள இருக்கற நீளம் எடத்துக்கு எடம் மாறுது! அப்ப அது நம்பரா இருக்க முடியாதுல்ல? குச்சிய எங்கெங்க நிறுத்தலாங்கறதுதான் வெளி லிமிட்டு. அதான் இந்த வட்டம்!”

டியூஷன்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு செட் வாங்கி ஆளுக்கொரு குச்சியால் குத்த ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்கு அதே இடத்தில்தான் சிக்கல் போலிருக்கிறது. வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏப்பா, இது திங்கறதுக்கா, குத்தி விளையாடறதுக்கா?” என்று கேட்டேவிட்டார். அடுத்த ஞாயிறு மிஸ் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அக்காவுக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். ஆனால் பேர் கிடைத்தது என் கைக்கு. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு அண்ணன் வருவார். அவர் அப்பா போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்ததால் எல்லோரும் அவரை ரிக்கண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கூடத்திலேயே அதிக தடவை அரியர் எழுதியவர் அவர்தான். நான் பூவெடுக்கும் கதையை அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அவர் மறுவாரமே ஐந்து பொட்டலத்தோடு வந்துவிட்டார். பாடத்தில் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒரு பொட்டலம். “சாமி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு சாமி. அண்ணன் அத மட்டும் படிச்சுக்கறேன்” என்று என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் ஒன்றை எடுத்தேன். அன்றைக்கு மிஸ் வைத்த தேர்விலும் பெரிய கேள்வி அதே யூனிட்டிலிருந்து வந்து தொலைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? வாசலில் வரிசை. ஒருவர் சாக்லேட் கொண்டுவருவார், ஒருவர் பென்சில் பெட்டி. மிஸ் ஒருநாள் பார்த்துவிட்டார். “ஏம்ப்பா, நாலு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க நாலாங்கிளாஸ் பிள்ளைகிட்ட வந்து நிக்கறீங்களா?” என்று பொட்டலங்களையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அக்கா மட்டும் ஒருநாளும் என்னிடம் பொட்டலம் நீட்டியதில்லை. அவளுக்குத்தான் என் கையை நன்றாகத் தெரியுமே, தலைகூட ஒழுங்காகப் பின்னத் தெரியாத கை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை விடிகாலையில் அப்பா என்னை எழுப்பினார். “குளிச்சுட்டு வா அம்மணி. கோயிலுக்குப் போயிட்டு வந்தர்லாம்.” அக்காவை எழுப்பவில்லை. எதற்கு என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அப்போது எங்கள் வீட்டில் இருந்ததே ஒரே ஒரு கேள்விதான், அக்கா பாஸாவாளா மாட்டாளா என்று.

மாரியம்மன் முன்னால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மா தாயே, வெள்ளையாக வரட்டும், வெள்ளையாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவோ பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழியில் கடை திறந்திருந்தது, எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கெட்ட செய்தி வந்த நாளில் இந்த மனுஷனுக்கு மிட்டாய் ஒரு கேடா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “செகப்பு வந்துருச்சு” என்றார். அவ்வளவுதான், மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். நான் என் வலது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இடது கையால் எழுத ஆரம்பித்தேன். சாப்பிடவும் இடது கையை நீட்டியபோது அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா அன்று முழுவதும் அழுதாள். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் கைக்குட்டையை அவிழ்த்தாள். “உன்ற கை என்னடி பண்ணும்? பரிச்ச எழுதறது என்ற கைதான?” என்றாள். அப்புறம் புத்தகத்தைத் திறந்தாள். அடேயப்பா, அப்படியொரு படிப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அம்மன் மீதே பந்தயம் கட்டியது போலப் படித்தாள். சாப்பாட்டுத் தட்டில் ரசத்தைத் தொட்டு இன்டெக்ரல் போட்டாள். கடைசி ஞாயிறு ரிக்கண்ணன் மிஸ்ஸுக்குத் தெரியாமல் பொட்டலங்களோடு என்னிடம் வந்தார். என் கை கெட்டுப்போய்விட்டது, செகப்பாக எடுக்கிறது என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. வேறு வழியில்லாமல் ஐந்து யூனிட்டையும் படித்தார்.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வருவதற்குள் ஆனி பிறந்துவிட்டது. அந்த நாட்களில் ராசிபுரத்துக்காரர்கள் பேச்சு வீட்டில் எழவே இல்லை. அப்பா தீவனம், முட்டை விலை என்று வழக்கம் போலப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அம்மா பொருமினாள்.

ரிசல்ட் அன்று போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா, அம்மா, நான் மூன்று பேரும் அதையே பார்த்தோம். திடீரென்று திரை திறந்தது. பாஸ்! அக்கா சத்தமே போடவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சத்தமெல்லாம் நான்தான் போட்டேன். சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, வழியில் கண்டவர்கள் வாயிலெல்லாம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ரிக்கண்ணனும் போன் செய்தார். அவரும் பாஸ். என் கை கெட்டுப்போனதால்தான் தப்பித்ததாக அக்காவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அப்பா முட்டை லோடு ஏற்றும் இடத்தில் நின்றிருந்தார். நான் போய்ச் சொன்னதும், “பாஸா? நெசமாவா கண்ணு?” என்று கேட்டு என்னை மேலே தூக்கிவிட்டார். நான்காம் வகுப்புப் பிள்ளையை யாராவது தூக்குவார்களா? இறக்கிவிட்டு, லோடு ஏற்றுகிறவர்களிடம் “ஆளுக்கொரு அட்டை முட்டை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார். உடைந்த முட்டையைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன்.

எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. “ஏம்ப்பா, அப்ப சாமி பொய் சொல்லிருச்சா? செகப்புத்தான வந்துச்சு?”

அப்பா சிரித்தார். “நான் கேட்டது அது இல்லீடா சாமி. ராசிபுரத்துக்குப் பொண்ணக் குடுக்கலாமான்னு கேட்டேன். அம்மன் வேண்டாம்னுட்டா. அன்னைக்கே அவங்களுக்குச் சொல்லியுட்டாச்சு.”

“அத ஊட்டுல சொல்லவே இல்லியே நீங்க?”

“பொறகு சொல்லிக்கலாம்னு பாத்தேன். அவ அந்தக் கோவத்துல நல்லாப் படிச்சுட்டு இருந்தா, கெடுக்க வேண்டாம்னு உட்டுட்டேன்.”

அம்மாவிடம் அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத ஆரம்பித்தால் இடம் போதாது. அக்காவும் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பெங்களூருக்குப் பெட்டி வாங்க அவளும் அப்பாவும் சேர்ந்துதான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள்.

பூக்கேட்பதில் இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்கிறவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் மூன்று தரம் வரைக்கும் கேட்கலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பண்ணையின் பழைய லாரியை விற்றுப் புது வண்டி எடுத்தபோது அப்பா மூன்றாவது தரத்தில்தான் வெள்ளையை வாங்கினார். கிணற்றுக்குப் பக்கத்தில் போர் போட்டபோதும் அப்படித்தான். ஆசைப்பட்ட ஒன்றை அவர் ஒரே சிவப்புக்காக விட்டதாக எனக்கு நினைவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை செவ்வரளியைப் பார்த்ததும் பூசாரி வழக்கம் போலத்தான் கேட்டார்: “இன்னொருக்கா போட்டுப் பாக்கலாமுங்களா?” அப்பா சட்டென்று சொன்னார்: “வேண்டாமுங்க. போதும்.”

முட்டை லாரி வருகிற நேரம், அதுதான் அவசரப்படுகிறார் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.